ஒரே காப்பர் டி, இரண்டு முடிவுகள்: தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்துப் பெண் ஒருவரின் கருத்தடைத் தேர்வு

நான் முதலில் சந்தித்தபோது அவருக்கு வயது 22. இரண்டு பெண் குழந்தைகள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் நடுவே மலையோரக் கிராமம். இரண்டாவது பிரசவத்தின்போது போட்ட காப்பர் டியை (கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) நான்கே மாதத்தில் எடுத்துப் போட்டுவிட்டு, 'இனி அந்தப் பேச்சே வேண்டாம்' என்று இருந்தவர். அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் அதே காப்பர் டியைத் தானாகக் கேட்டுப் போட்டுக்கொண்டார். அந்த இடைவெளியில் நடந்தவற்றை, கிராம சுகாதார செவிலியராக அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். அவருடைய சம்மதம் உண்டு. பெயரும் ஊரும், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களும் இதில் இல்லை.

ஒரு பெண் ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தாள், ஏன் அதை விட்டாள் என்று கேட்டால் படிப்பு, வருமானம், விழிப்புணர்வு என்று பதில் சொல்லிப் பழகிவிட்டோம். அவை முக்கியம்தான். ஆனால் இந்தப் பெண் பத்தாவது வரை படித்தவர், காப்பர் டி, மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் கேள்விப்பட்டவர். அவருடைய முடிவுகளைத் தீர்மானித்தவை வேறு. போட்ட பிறகு வரும் முதல் மூன்று மாதம் வீட்டில் எப்படிக் கழிகிறது, அப்போது கேட்க யாராவது இருக்கிறார்களா என்பவை அவை.

குடும்பமும் ஊரும்

கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு பழைய பாரம் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது என்பதை இங்கே வேலை செய்கிறவர்கள் மறந்துவிட முடியாது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் 'ஒரு பையன் பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்ற பேச்சு போகவில்லை.

இவருக்குத் திருமணம் பதினெட்டு முடிந்த உடனே. ஒரு வருடத்துக்குள் முதல் குழந்தை, அடுத்து மூன்று வருடத்துக்குள் இரண்டாவது. கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடிகாலை கிளம்பிவிடுவார். வீட்டில் மாமியார், கொஞ்சம் கேழ்வரகு நிலம், இரண்டு மாடு. வீட்டுப் பேச்சு கன்னடம், வெளியே தமிழ். இவர் ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸில் (பாலிதீன் போர்த்திய கூடாரம்) கூலிக்குப் போகிறவர். காலை ஆறு மணிக்கு வேன் வரும். வேனைத் தவறவிட்டால் அன்றைய கூலி இல்லை.

முதல் காப்பர் டி

எந்த மருத்துவமனையில் பிரசவம் நடந்தது என்பது இங்கே தேவையில்லை. நடந்தது என்ன என்று அவரே சொன்னது இது: "வலியில இருந்தேங்க. ரெண்டும் பொண்ணாப் போச்சு, இப்போதைக்கு இதைப் போட்டுக்கோன்னாங்க. சரின்னு கையெழுத்துப் போட்டேன். அது எப்படி இருக்கும், எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது."

பிரசவம் ஆன உடனேயோ 48 மணி நேரத்துக்குள்ளோ காப்பர் டி போடுவது நல்ல ஏற்பாடுதான். பிரசவத்துக்கு வந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும், தாய்ப்பாலையும் பாதிக்காது. ஆனால் அதைப் பற்றி மாதப் பரிசோதனைக்கு வரும்போதே பேசிவிட வேண்டும் என்பதுதான் விதி. வலி உச்சத்தில் இருக்கும்போது முதல் தடவையாக எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்த ஒரு கையெழுத்து, பின்னால் ஒரு உயிரையே எடுக்கப் பார்த்தது.

இரண்டாவது மாதம் முடிவதற்குள் மாதவிலக்கு திரும்பியது. முன்பு நான்கு நாள் இருந்தது இப்போது ஒன்பது, பத்து நாள். அடிவயிற்றில் பிடித்து இழுக்கும் வலி. அது நின்ற பிறகும் நடுநடுவே கறை. காப்பர் டி போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை உதிரப்போக்கும் வலியும் கூடுவது சகஜம், பெரும்பாலானவர்களுக்குப் போகப்போகக் குறைந்துவிடும், வலிக்கு மாத்திரை உண்டு. இந்த மூன்று வாக்கியத்தை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்த வீட்டில் தூரமான நாட்களில், அதாவது மாதவிலக்கு நாட்களில், பெண் தனியாக உட்கார வேண்டும். அடுப்படிக்குள் போகக்கூடாது, பால் கறக்கும் பாத்திரத்தைத் தொடக்கூடாது, படுக்கை வெளித் திண்ணையை ஒட்டிய சின்ன அறையில். நான்கு நாளுக்கு அது எப்படியோ ஓடிவிடும். பத்து நாள், அப்புறம் கறை பட்ட நாட்களையும் சேர்த்தால் மாதத்தில் பாதி. மாமியார் ஒற்றை ஆளாகச் சமையல், மாடு, மூத்த பேத்தி என்று அல்லாடினார். வேலைக்குப் போன நாட்களிலும் நிம்மதி இல்லை. பாலிஹவுஸில் பெண்களுக்குச் சரியான கழிப்பிடம் கிடையாது. துணி மாற்ற மதியச் சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

மருத்துவப் பதிவேட்டில் எழுதினால் இது 'பக்க விளைவால் அகற்றப்பட்டது' என்று ஒரு வரி. அவருடைய வாழ்க்கையில் அது திண்ணை அறையில் கழிந்த இரவுகள், போன கூலி, மாமியாரின் முணுமுணுப்பு. அக்கம்பக்கத்தில் ஒருவர் 'அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடும்' என்றும் சொல்லிவிட்டார். காப்பர் டி கர்ப்பப்பைக்குள் இருப்பது, நெஞ்சுக்குப் போக அங்கே வழியில்லை. கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வெளியே போவது மிக அரிதாக நடக்கும், அதற்கும் அறிகுறியும் வைத்தியமும் உண்டு. ஆனால் பயத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டால் தப்பாகிவிடும். அந்தப் பேச்சை அவர் பாதிகூட நம்பவில்லை. 'திண்ணை அறைதாங்க தாங்கல' என்றார்.

நான்காவது மாதம் தனியார் மருத்துவர் ஒருவரிடம் காசு கொடுத்து எடுத்துக்கொண்டார். எடுத்தவர் வேறு முறை எதையும் சொல்லி அனுப்பவில்லை.

எதுவும் இல்லாத மாதங்கள்

மாத்திரை ஏன் போடவில்லை என்று பிறகு கேட்டேன். அரசு கொடுக்கும் மாலா-என் தினமும் சாப்பிட வேண்டியது. அதோடு அது பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதத்தில் ஏற்றதும் இல்லை. சாயா மாத்திரை பாலூட்டுகிறவர்களும் சாப்பிடலாம். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது, ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டுச் சொன்ன பதிலை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை: "அவர் வர்றது மாசத்துக்கு ரெண்டு தடவை. அவர் இல்லாத நாள்ல நான் மாத்திரை போடுறதை அத்தை பார்த்தா, யாருக்காகப் போடுறேன்னு கேக்க மாட்டாங்களா?"

புருஷன் வெளியூரில் வேலை செய்யும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று போகிறார்கள். அந்த வீடுகளில் தினசரி மாத்திரை என்பது நினைவு வைத்துக்கொள்ளும் சிரமம் மட்டும் அல்ல, நடத்தையைப் பற்றிய கேள்வியும்கூட. சரி, ஆணுறை? ஊரில் இருக்கும் ஒரே பெட்டிக்கடை கணவரின் பங்காளியுடையது. சுகாதார நிலையத்தில் நிரோத் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் கணவர் ஊரில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை.

இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது மறுபடி கர்ப்பம். கணவர் டவுனில் ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கலைப்பு மாத்திரை வாங்கி வந்தார். அந்த மாத்திரை ஒன்பது வாரத்துக்குள், மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. இவருக்கு எத்தனை வாரம் என்றே யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மூன்று வாரம் உதிரப்போக்கு. ஒரு நாள் பூ வெட்டிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்திருக்கிறார். சின்னக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போயிருந்ததால் அந்த வீட்டுக்குப் போன நான், வெளுத்த முகத்தைப் பார்த்து விசாரித்தேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2. அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, ஸ்கேன் பார்த்து, உள்ளே தங்கியிருந்ததை எடுத்தார்கள்.

1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் பெண்ணுக்குப் பாதுகாப்பான வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கிடையாது. இருந்தும் மருந்துக் கடைதான் முதல் வாசலாக இருக்கிறது. ஜி.எச்.சுக்குப் போனால் திட்டுவார்கள், போன தடவை போட்டதை ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள் என்ற பயம் இவருக்கு இருந்தது. காப்பர் டியை எடுத்த பெண் எங்கள் வாசலுக்கு வரவே கூச்சப்படுகிறாள் என்றால், அவளுக்கு வேறு எந்த முறையையும் நாங்கள் கொடுக்க முடியாது.

ஊசி

இந்தத் தடவை மாட்டுக் கொட்டகைப் பக்கம், மாமியார் களத்துக்குப் போயிருந்த நேரத்தில் பேசினோம். எது வேண்டும் என்று கேட்காமல், எது நடக்கக்கூடாது என்று கேட்டேன். மூன்று சொன்னார். ரத்தம் அதிகம் போகக்கூடாது. வீட்டில் தெரியக்கூடாது. கூலி போகக்கூடாது.

அந்தரா என்ற கருத்தடை ஊசி முதல் இரண்டுக்கும் பொருந்தியது. 2017-லிருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் இது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. பாலூட்டும் தாய் ஆறு வாரத்துக்குப் பிறகு போடலாம். ரத்த சோகை உள்ளவருக்கு உதிரப்போக்கு குறைவது நன்மையும்கூட. கஷ்டங்களையும் சொன்னேன்: ஆரம்பத்தில் தாறுமாறாகக் கறை படலாம், பிறகு மாதவிலக்கே நின்றுபோகலாம், ஊசியை விட்ட பிறகு கரு தரிக்க ஏழிலிருந்து பத்து மாதம்வரை ஆகலாம். மாதவிலக்கு நின்றால் கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம், அப்படித் தங்காது. கர்ப்பப்பையின் உள்பூச்சு வளர்வதே குறைவதால் வெளியேற எதுவும் இல்லை என்பதையும் விளக்கினேன்.

முதல் ஊசிக்குப் பிறகு கொஞ்ச நாள் கறை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு நின்றது. அங்கேதான் நான் எதிர்பார்க்காத சிக்கல் வந்தது. மருமகள் திண்ணை அறைக்கு வராததை மாமியார் கவனித்துவிட்டார். மறுபடி முழுகாமல் இருக்கிறாளா என்று ஆரம்பித்து, ஊரெல்லாம் விசாரிப்பு. ரத்தம் அதிகம் போனாலும் வீட்டுக்குத் தெரிகிறது, போகாவிட்டாலும் தெரிகிறது. மாதவிலக்கு ஒரு பெண்ணின் சொந்த விஷயமாக இல்லாத வீட்டில் மறைத்துச் செய்யக்கூடிய கருத்தடை என்று ஒன்று அநேகமாக இல்லை.

மாமியாரோடு பேசாமல் இனி முடியாது என்று அவரே சொன்னார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் வேலை செய்யும், கன்னடம் நன்றாகப் பேசும் பெண் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து கொடுப்பவர் அவர்தான், அதனால் பேச்சு சுலபமாகத் தொடங்கியது.

பேரன் வேண்டும் என்பதுதான் மாமியாரின் தடையாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனோம். அது இருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. இளவயதில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவருக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அன்று மாலையே வீட்டில் இறக்கிவிட்டார்கள். பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இடுப்பு வலி வந்த ஒவ்வொரு நாளும் அவர் அந்த முகாமைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். "நர்சம்மா, நீங்க பண்ணிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் யாரு வர்றா?" என்றார். மருமகளின் முதல் காப்பர் டி பற்றி மருமகள் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டு தலைமுறைப் பெண்கள், இரண்டு வெவ்வேறு முறைகள், ஒரே புகார்.

இரண்டாவது காப்பர் டி

மூன்றாவது ஊசிக்கு அவர் மூன்று வாரம் தாமதமாக வந்தார். நான்கு வாரம்வரை தாமதம் பொறுக்கும் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் காரணங்களைக் கேட்டபோது இது நீடிக்காது என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. சுகாதார நிலையத்துக்கு வர ஒரு நாள் கூலி போகும், இரண்டு பஸ் மாற வேண்டும், பொழுது சாய்ந்தால் அந்தக் காட்டுப் பாதையில் யானை. அவருடைய மூன்றாவது நிபந்தனையை ஊசியால் காப்பாற்ற முடியவில்லை.

அப்போது அவர்தான் கேட்டார்: "முன்னாடி போட்டது... அதுக்கு இப்படி அலைய வேண்டாம் இல்லையா அக்கா?"

அவசரப்படவில்லை. இரும்புச் சத்து மாத்திரையும் ஊசியுமாக ஹீமோகுளோபின் 11-க்கு வந்திருந்தது. காப்பர் டியைக் கையில் கொடுத்து, வளைத்துப் பார்க்கச் சொன்னேன். நூலை விரலில் சுற்றிப் பார்த்தார். ஐந்து வருடம் வேலை செய்வது, பத்து வருடம் வேலை செய்வது இரண்டையும் காட்டினேன். ஐந்து வருடத்தை எடுத்தார். முதல் மூன்று மாதம் எப்படி இருக்கும் என்பதைத் தாய் சேய் நல அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், என் கைபேசி எண்ணோடு. எந்த நாள் போடுவது என்பதையும் அவரே முடிவு செய்தார். ஓசூர்ப் பக்கத்து ரோஜாவுக்கு ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும்தான் உச்ச சீசன். காதலர் தினத்துக்கு ஏற்றுமதியாகும் பூ அது. அந்த வாரங்களில் கூலி கூடுதல், லீவு கிடையாது. பிப்ரவரி 14 தாண்டியதும் வேலை தளரும். அப்போது போட்டுக்கொண்டால் ஒன்றிரண்டு நாள் வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். இலக்கு மாதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் போடும் எந்தத் திட்டத்திலும் இந்தக் கணக்கு வந்திருக்காது.

மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். ரத்தம் கொஞ்சம் கூடுதலாக, கூடுதல் நாள் போகும், அது நோயில்லை என்று. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: முதல் ஐந்து நாள்தான் தூரம், மிச்ச நாள் கணக்கில்லை, குளித்துவிட்டு உள்ளே வரலாம். வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார். அவராக வளைத்துக்கொடுத்த அந்த ஐந்து நாள் கணக்குதான் இரண்டாவது காப்பர் டியைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

முதல் மாதம் எட்டு நாள் போனது. பத்தாவது நாள் நானே போன் செய்தேன். வலி மாத்திரை போட்டுச் சமாளித்திருந்தார். இரண்டாவது மாதம் ஏழு. நான்காவது மாதத்தில் ஐந்துக்கு வந்தது.

கணவரின் பங்கு

கத்தி படாத, தையல் இல்லாத ஆண் கருத்தடை பற்றிக் கணவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினேன். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்வதைவிட அது எளிது. ஓரிரு நாள் ஓய்வு போதும், மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதி செய்துகொள்ளும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, 'பலகை தூக்குற வேலைங்க, பலம் போயிடும்' என்றார். பலம் போகாது. அந்த ஆபரேஷன் விந்தணு வரும் குழாயை மட்டுமே அடைக்கிறது, ஆண் ஹார்மோனை ஒன்றும் செய்வதில்லை. அவர் நம்பவில்லை. 1975–77 நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துச் செய்த ஆபரேஷன்களின் பயம் இன்னும் அப்பா, சித்தப்பா சொல்லும் கதைகளில் இருக்கிறது.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 65.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு நவீன முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 57.8 பெண் ஆபரேஷன். ஆண் ஆபரேஷன் 0.1. மாத்திரை, ஊசி, காப்பர் டி, ஆணுறை எல்லாம் சேர்ந்து மிச்சம் இருக்கும் ஏழெட்டு சதவீதத்துக்குள் அடக்கம். இவ்வளவு பேர் ஆபரேஷனை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இதை வாசிக்கலாம். பலர் அப்படித்தான். காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கம் இரண்டாவது சிசேரியனோடு சேர்த்தே முடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் பெண்களை எனக்கு நிறையத் தெரியும். ஆனால் ஆபரேஷனுக்கு இன்னொரு பலம் இருக்கிறது. மறுபடி மருத்துவமனைக்கு வரவேண்டாம், மறுபடி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வந்து போகும் வழியையும், கேட்டால் பதில் சொல்லும் ஆளையும் நாம் கொடுக்காத இடத்தில், பெண்கள் ஒரே தடவையில் முடிவதைத்தான் எடுப்பார்கள்.

இவருக்கு ஆபரேஷன் பொருந்தியிருக்காது. விதிப்படி தகுதி உண்டு: 22 வயது தாண்டிவிட்டார், ஒரு வயது கடந்த குழந்தை இருக்கிறது, கணவர் கையெழுத்து தேவையே இல்லை. ஆனால் மூன்றாவது வேண்டுமா வேண்டாமா என்று அவருக்கே இன்னும் தெளிவில்லை. தெளிவில்லாமல் இருக்க ஒரு பெண்ணுக்கு உரிமை இருக்கிறது, அதற்கான அவகாசத்தைத்தான் தற்காலிக முறைகள் கொடுக்கின்றன. 'முடிச்சுட்டியா?' என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கும் நாங்கள் அந்த அவகாசத்தைத் தின்றுவிடுகிறோம்.

இதற்குப் பிறகு எங்கள் பகுதியில் மாதப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ஐந்தாம் மாதத்திலேயே கருத்தடை பற்றிப் பேச்சைத் தொடங்குகிறேன். வீட்டில் தூரம் எத்தனை நாள், யாரோடு இருக்கிறார், கணவர் எப்போது வருவார், வேலைக்கு எதில் போகிறார் என்று கேட்டு அட்டையில் குறித்துக்கொள்கிறேன். காப்பர் டி போட்டவர்களுக்குப் பத்தாவது நாளும் நாற்பதாவது நாளும் போன். வலி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் கையோடு கொடுத்து அனுப்புகிறோம். எடுக்க வேண்டும் என்று வருகிறவர்களை ஏன் என்று அதட்டாமல் எடுத்துவிட்டு, அன்றே அடுத்தது என்ன என்று கேட்கிறோம்.

அவருடைய காப்பர் டிக்கு இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் காலம் இருக்கிறது. மாமியார் பேரனைப் பற்றிக் கேட்பதை நிறுத்தவில்லை. சின்னவள் பள்ளிக்கூடம் போகட்டும், அதற்குள் நானும் அவரும் பேசி முடிவு செய்கிறோம் என்று பதில் சொல்லிவருகிறார்.